நடப்பவரிடமே நடையைக் கேட்ட சுதர்சினி அம்மையாருக்கு

கொட்டாஞ்சேனை முள்ளந்தண்டுப் புனர்வாழ்வு நிலையத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் இயன்மருத்துவராகப் பணியாற்றி, இன்று ஓய்வுபெறும் திருமதி சுதர்சினி தயாபரன் அவர்களுக்கு, நிலையத்து ஊழியர்கள் கனத்த நெஞ்சோடு வாசித்தளிக்கும் மடல்.

அன்பும் அதட்டலும் ஒருங்கே அமைந்த அம்மையே! கண்டிப்புக்குள் கனிவைக் கரந்து வைத்த கருணையே! வெள்ளவத்தையிலிருந்து விடியுமுன் பஸ் ஏறி, எங்களில் எவரும் வருமுன்பே வார்டு வாசலில் நின்று எங்களை வெட்கப்படவைத்த வேகமே! வணக்கம்.

வாழ்த்தி வழியனுப்புவதே வழக்கம். ஆனால் இம்மடலை எழுத உட்கார்ந்தபோது எங்களுக்கு வாழ்த்து வரவில்லை, வருத்தமே வந்தது. அதை மறைத்து, பொன்னே மணியே என்று மட்டும் எழுதினால் முதலில் கோபிப்பவர் தாங்களாகவே இருப்பீர்கள்.

முள்ளந்தண்டில் அடிபட்டு, தன் கால்களே தனக்கு அந்நியமாகிக் கிடந்த எத்தனையோ பேரை எழுப்பி இருத்தி, இருத்தி நிறுத்தி, நிறுத்தி நடத்திய நற்கரங்கள் தங்களுடையவை. அதைப் பிற இயன்மருத்துவர்களும் செய்வார்கள். நடந்தவரைப் பார்த்து, “உங்கள் நடை உங்களுக்கு எப்படித் தெரிகிறது?” என்று கேட்டு, வந்த பதிலை வைத்தியர் எடுக்கும் அளவீட்டுக்குச் சமமாக மதித்தவர் எங்களிடையே தாங்கள் ஒருவரே.

முகத்துவாரத்துச் சப்ரியை மறக்க முடியுமா? துறைமுகத்தில் மூட்டை சரிந்து முதுகில் விழ, எங்களிடம் தூக்கிவரப்பட்டவர். மாதக்கணக்கில் மன்றாடியும் மிரட்டியும் அவரை நடக்கவைத்தீர்கள். ஸ்டொப்வோச்சைப் பிடித்து நடைகூடத்தில் அளந்தோம், நல்ல வேகம். உங்கள் நடைக்குப் பத்தில் எத்தனை போடுவீர்கள் என்று அவரிடம் தாங்களே கேட்டீர்கள். பத்துக்குப் பத்து என்றார். கைதட்டி வீட்டுக்கு அனுப்பினோம். அதன்பின் கிளினிக்குக்கு ஆளே வரவில்லை. தேடிப் போன தாங்கள் கண்டது, சுவரைப் பிடித்தபடி வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த சப்ரியை. தெருமுனைப் பள்ளிவாசலுக்குக்கூட அவர் போயிருக்கவில்லை. பிறகேன் பத்துப் போட்டீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலைத் தாங்களே வந்து எங்களிடம் சொன்னீர்கள்: “ஐயோ மிஸ், நீங்க எவ்வளவு பாடுபட்டீங்க! உங்களுக்குக் கொறச்சு மார்க்ஸ் போட எனக்கு மனசு வருமா?”

தன் நடைக்கல்ல, மிஸ்ஸின் உழைப்புக்கு அவர் மார்க்ஸ் போட்டிருந்தார். எங்கள் ஆட்களின் நன்றி அப்படித்தான். காப்பாற்றியவரின் முகத்துக்கு நேரே குறை சொல்ல அவர்களுக்கு நா எழாது. எங்கோ தூர தேசத்தில் எழுதப்பட்டு எங்கள் படிவத்துக்கு வந்த ‘பத்தில் எத்தனை’ போன்ற கேள்விகள் இந்த மரியாதையை எதிர்பார்த்திருக்கவில்லை.

அன்றே தாங்கள் சட்டம் போட்டீர்கள். சிகிச்சை கொடுத்தவர் கேட்கக் கூடாது. ஒருவர் நடத்த வேண்டும், வேறொருவர் கேட்க வேண்டும். பத்தில் எத்தனை என்ற கேள்வி போயிற்று. எங்கே போகவேண்டும், போக முடிகிறதா, போகும்போது எதற்குப் பயம் என்ற கேள்விகள் வந்தன. மற்றவர்கள் நடத்திய நோயாளிகளையெல்லாம் கேட்கும் பொறுப்பைத் தாங்களே ஏற்றீர்கள். உண்மைக் குறையொன்று வெளிவரும்வரை கதிரையைவிட்டு எழும்ப மாட்டீர்கள். தேநீர் ஆறும், தோய்த்த பிஸ்கட் கோப்பைக்குள்ளேயே கரையும், வெளியே வரிசை நீளும். ‘மிஸ் தொடங்கிவிட்டா’ என்று நாங்கள் முணுமுணுப்பதும் தங்கள் காதில் விழும், விழாததுபோல் இருப்பீர்கள்.

வெள்ளவத்தைப் புடவைக்கடை இராமலெட்சுமியின் கதை இதற்கு நேர்மாறு. படிக்கட்டில் விழுந்து எங்களிடம் வந்தவர். இரண்டு ஊன்றுகோலோடு அவர் ஊர்ந்த வேகத்தைப் பார்த்த வைத்தியர், நடமாட முடியாதவர் என்று எழுதப்போனார். தாங்கள் விடவில்லை. வைத்தியர்கள் கூடியிருந்த கூட்டத்துக்கே அவரை அழைத்துவந்து பேசவைத்தீர்கள். “நா நடக்குறேங்க ஐயா. கோயிலுக்கு நானே போறேன், நானே வாறேன். மெதுவா போனா அது நடை இல்லீங்களா?” என்றார் அவர். வைத்தியர் பேனாவை மூடினார். அந்தச் சொல்லின் பலத்திலேயே கடை முதலாளியிடம் வாதாடி, இருந்து செய்யும் வேலையொன்றை அவருக்கு வாங்கிக் கொடுத்தீர்கள். இன்றும் அவர் காசு மேசையில் இருக்கிறார்.

இத்தனைக்கும் பிறகு தங்கள் இடத்துக்கு ஆளில்லை. கேட்பதற்கென்று ஒருவரை வைத்திருக்க முடியாதாம், ஸ்டொப்வோச் போதுமாம். எங்கள் முறையீட்டுக்கு மேலிடத்திலிருந்து வந்த பதில் ‘பார்ப்போம்’. மேலிடத்தின் ‘பார்ப்போம்’ என்றால் என்னவென்று எங்களுக்கு நன்றாகவே தெரியும். எங்களுக்கு ஆத்திரமாக இருக்கிறது, அதையும் இங்கே சொல்லிவிடுகிறோம்.

ஆன்ற பணியால் அரும்புகழ் கொண்ட அம்மையே! தயாபரன் ஐயாவோடும் பிள்ளைகளோடும் நோயின்றி நெடுநாள் வாழுங்கள். நேரம் பார்க்காமல் உறங்குங்கள், நெஞ்சு நிறையச் சிரியுங்கள். இவ்வளவு காலமும் பிறர் காலுக்காகத் தேய்ந்த தங்கள் முழங்கால்களுக்கு இனியாவது ஓய்வு கொடுங்கள்.

இத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் கொலன்னாவை ரிஸ்லா இன்னும் எங்கள் வார்டில் இருக்கிறார். முச்சக்கரவண்டி விபத்தில் முதுகு முறிந்த இளந்தாய். கேட்டவர் எல்லாருக்கும் ‘நல்லம், நல்லம்’ என்று சிரித்தவர், சென்ற வாரம் தங்களிடம் மட்டும் அழுதார். “கால எங்க வெக்கிறன்டு எனக்கே வெளங்குதில்ல மிஸ். மகள்ட கையப் புடிச்சிட்டு ரோட்டுக்கு எறங்கப் பயம்” என்றார். அதன்பின்தான் அவரை வீட்டுக்கு அனுப்புவதை நிறுத்தினோம், பயிற்சியை மாற்றினோம். வரும் செவ்வாய்க்கிழமை அவரை மறுபடி கேட்டு, அனுப்புவதா இல்லையா என்று தீர்மானிக்கவேண்டும். எங்களில் ஒருவர் போய் அந்தக் கதிரையில் இருப்பார். ரிஸ்லா எங்களைப் பார்த்துச் சிரித்து, ‘நல்லம்’ என்பார். நாங்கள் அதை நம்பி, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்க அவரை அனுப்பிவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

ஓய்வுபெற்றவரை வேலைக்கு அழைக்க எங்களுக்கு உரிமையில்லை. ஆனாலும் அம்மையே, செவ்வாய்க்கிழமை காலையில் ஒருக்கால் வாருங்கள்.

தங்களை அனுப்ப மனமில்லாத,
நிலையத்து ஊழியர்கள்
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13