இருபதாம் நாள் சேற்றில் கொடுத்த தாள்

என் பெயர் அல்வரீனா ஃபுர்ட்டாடோ. வயது 57. மாசசூசெட்ஸ் மாநிலம், கோப்ஸ் நெக் ஊர், ட்ரிஃப்ட் சந்து, 14ஆம் எண் வீட்டில் குடியிருக்கிறேன். சொந்தப் படகில் சிங்கி இறால் பிடிப்பது தொழில். சத்தியம் செய்துகொண்டு சொல்வதாவது:

பனிக்காலம் வந்தால் இறால் பிடிக்கும் என்னுடைய அறுநூறு கம்பிக் கூடுகளைக் கடலிலிருந்து ஏற்றி வீட்டு முற்றத்தில் அடுக்கிவைப்பேன். இருபத்தாறு வருடமாக இப்படித்தான். கோடைக்கு மட்டும் வந்து தங்கும் பக்கத்து வீட்டுக்காரர் பிரெஸ்காட், கூடுகள் கடலுக்குப் போன பிறகும் முற்றத்து நாற்றம் தாங்கவில்லை என்று எழுதிக்கொடுத்தார். ஊர் நிலப் பயன்பாட்டு வாரியம் அதைக் கேட்டு, குடியிருப்புப் பகுதியில் கூடு வைக்கக் கூடாது என்று மூன்றுக்கு இரண்டு ஓட்டில் தீர்மானித்தது. கூடு வைக்க இடமில்லையென்றால் படகை விற்க வேண்டியதுதான். நான் சும்மா விடுகிற ஆள் இல்லை.

தீர்மானம் பதிவான இருபது நாளுக்குள் நீதிமன்றத்தில் முறையிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதே இருபது நாளுக்குள் அந்த முறையீட்டின் நகல் ஊர்ப் பதிவாளர் கைக்கும் போய்ச்சேர வேண்டும் என்பது தெரியாது. அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை, இருபதாம் நாள், காலை 11.05க்கு நீதிமன்றத்தில் முத்திரை வாங்கியபோது கவுன்டரில் இருந்த பெண் சொல்லித்தான் தெரிந்தது. எங்கள் ஊர் அலுவலகம் வெள்ளிக்கிழமை பன்னிரண்டுக்குப் பூட்டிவிடும். வண்டியை எடுத்தேன், பறந்தேன். ஊர் எல்லையில் ஒரு பாய்மரப் படகுக்காகத் தூக்குப் பாலத்தைத் தூக்கிவிட்டார்கள். அது பிரெஸ்காட்டின் படகு என்று சொல்ல ஆசைதான். சத்தியம் செய்திருப்பதால், அது வேறு யாருடையதோ என்று சொல்கிறேன்.

அதன் பிறகு 12.06க்கு அலுவலகம் போய்ச் சேர்ந்தேன். பூட்டு. பதிவாளர் வின்னியின் ரப்பர் பூட்ஸ் எப்போதும் வாசற்படியில் நிற்கும், அன்று இல்லை. அன்று பன்னிரண்டரைக்குக் கடல் வற்றம், தண்ணீர் உள்வாங்கிச் சேறு தெரியும் நேரம். வின்னி மட்டி தோண்டப் போயிருக்கிறாள் என்று புரிந்ததும் துறைக்கு ஓடினேன். தாளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கால் சேற்றில் இறங்கி நடந்தேன். இடது செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது. அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

அதன் பிறகு வின்னியைக் கண்டு, "இத இப்பவே வாங்கிக்கோ, இன்னிக்குத்தான் கடைசி நாள்" என்றேன். "ஆபீஸ் பூட்டியாச்சேடி, மணி என்னன்னு பாத்தியா?" என்றாள். பதிவாளரிடம் கொடு என்றுதான் சட்டம் சொல்கிறது, எந்த இடத்தில் என்று சொல்லவில்லை என்றேன். பிறகு கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். நேரம் எழுதப் பேனா இல்லை.

பத்தடி தள்ளிக் குனிந்து தோண்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து எங்களிடம் வந்தார். பார்த்தால் லேமன் நிக்கர்சன், வாரியத் தலைவர், எனக்கு எதிராகக் கை தூக்கிய மூவரில் ஒருவர். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவர் தொப்பிக்குள்ளிருந்து துண்டுப் பென்சிலை எடுத்து வின்னியிடம் கொடுத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பன்னண்டு முப்பத்தொண்ணு, அப்படியே எழுதிக்கோ" என்றார்.

"நீதானேய்யா எனக்கு எதிரா ஓட்டுப் போட்ட?" என்று கேட்டேன்.

"போட்டேன். நாளைக்குக் கேட்டாலும் அப்படித்தான் போடுவேன். ஓட்டு வேற, மணி வேற" என்றார்.

அதன் பிறகு நான் போட்ட கூச்சலுக்கு மட்டி தோண்டிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் வாளியைத் தட்டினார்கள். அவ்வளவு சந்தோஷம் எனக்கு, அதை ஏன் மறைக்க வேண்டும்.

அலுவலகம் பூட்டிய பிறகு கொடுத்த தாள் செல்லாது, அன்றைக்கே கொடுத்ததற்கும் அத்தாட்சி இல்லை என்று வாரியத்தின் வக்கீல் இப்போது சொல்கிறார். வின்னியைத் தவிர வேறு சாட்சி உண்டா என்று இன்று காலை நீதிமன்றத்தில் என்னைக் கேட்டார். உண்டு. மணி பார்த்துச் சொன்னவர், அவருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இதில் உள்ளது யாவும் நடந்தது நடந்தபடியே. படித்துக் காட்டியபோது வலது செருப்பு என்றிருந்ததை மட்டும் இடது செருப்பு என்று திருத்தச் சொல்லி, கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்) அல்வரீனா ஃபுர்ட்டாடோ