ஒற்றைச் செருப்புப் பொன்வண்டு

இந்த மாலைக்குத் தலைமை தாங்கி, மண்டபத்தின் ஒரே நல்ல மின்விசிறிக்கு நேர்கீழே வீற்றிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் பெரியவர் சவுரிமுத்து அவர்களே, ஏரிக்காற்றையும் பிள்ளைகளையும் ஒருசேர அழைத்து வந்திருக்கும் செம்பாக்கத்துத் தாய்மார்களே, பல்லாவரத்திலிருந்து பேருந்து மாறி வந்த பெரியோர்களே, பேச்சை முடிக்கச் சொல்லிப் பின்வரிசையில் விசிலடிக்கும் காட்டாங்குளத்தூர் மாணவக் கண்மணிகளே, படத்தை இயக்கிய தம்பி அன்பு அவர்களே, முன்வரிசை ஓரத்தில் சக்கர நாற்காலியில் சாய்ந்திருக்கும் எங்கள் கதாநாயகரே, உங்கள் அனைவருக்கும் இந்தத் தீபலட்சுமியின் வணக்கம்.

எனக்கு மலிவான ராட்சதப் பூச்சிப் படங்கள் பிடிக்கும். கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள் இதை மேடையேறிச் சொல்லலாமா என்று சக ஆசிரியர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். மழை ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமை மதியம். ஜன்னலுக்கு வெளியே தட்டான்கள் தாழப் பறக்கின்றன. தொலைக்காட்சியில் ஒரு தேள் ஊரையே உலுக்குகிறது. கொடுக்கைக் கட்டிய கயிறு தெரிகிறது. கட்டடம் அட்டை என்று தெரிகிறது. தெரிந்தும் நாம் ஏன் எழுந்து போகவில்லை? அரைத்தூக்கத்தில் அந்தக் கயிற்றையும் பார்த்துக்கொண்டு, அந்தக் கொடுக்குக்கும் பயந்துகொண்டு கிடந்தோமே, அது என்ன மயக்கம்? கயிறு தெரிந்தால் கயிற்றைக் கட்டிய கையும் தெரிகிறது. நம்மைப் பயமுறுத்த யாரோ இவ்வளவு பாடுபட்டிருக்கிறாரே என்று ஒரு பாசம் வந்துவிடுகிறது.

எங்கள் படத்தின் கதை சின்னது. தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்க்காதவர் இங்கே யார்? கை தூக்குங்கள் பார்ப்போம். ஒருவரும் இல்லை. அப்படி ஒரு சிறுமி மூடிவைத்து மறந்துபோன வண்டு, வளர்ந்து வளர்ந்து, வானளந்து, நம் ஏரிக்குள்ளிருந்து எழுந்து வருகிறது. அடுக்குமாடி அடுக்குமாடியாகத் திறந்து பார்க்கிறது. அதன் கண்ணுக்கு நம் வீடுகள் எல்லாம் தீப்பெட்டிகள். அது தேடும் அந்தச் சிறுமி இப்போது வளர்ந்துவிட்டாள்; அவளாக நடிப்பது நான். அலறுவது மட்டுமே என் வேலை.

வண்டின் இறக்கை பச்சைத் தார்ப்பாய். கண்கள், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய இட்லித் தட்டுகள். குழிக்கு ஒரு கண். உறுமலா? யார் வாய் திறந்து வசனம் பேசினாலும் தலைக்கு மேல் விமானம் இறங்கியது. அலுத்துப்போன அன்பு, "விடுங்கக்கா, வண்டு கத்துதுன்னு வெச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டார். உடலைத் தாங்க மூங்கில். மூங்கிலைத் தாங்க, ஆட்டோ ஓட்டும் நம் குமரவேல் அண்ணன். அதோ, அந்தச் சக்கர நாற்காலிக்காரர்தான்.

அண்ணன் திருவிழாவில் சாமி தூக்குகிறவர். மூங்கில் தோளில் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டார். "தோள்ல தண்டு ஏறிச்சின்னா கால்ல செருப்பு ஆவாது டீச்சர்" என்றார். அவர் மனைவி பொன்னி அக்கா விடவில்லை. அண்ணனுக்குச் சர்க்கரை நோய், இடது காலில் ஆறாத புண். "சாமியோ பூச்சியோ, அந்தக் கால்ல செருப்பு இல்லாம நடந்தே, வூட்டாண்ட வராத" என்றார். நெடுநேரம் வழக்கு நடந்தது. கடைசியில் பாகம் பிரித்தார்கள்: வலது கால் சாமிக்கு, இடது கால் பொன்னிக்கு. நீல வார் போட்ட ஒற்றைச் செருப்போடு பொன்வண்டு புறப்பட்டது.

எப்படிப் புறப்பட்டது? பாய்ந்ததா? சீறியதா? இல்லை ஐயா, இல்லை. தோளுக்குப் பழகிய நடை தானாக வந்துவிட்டது. இரண்டடி முன்னே, ஓரடி பின்னே. இடப்பக்கம் ஓர் அசைவு, வலப்பக்கம் ஓர் அசைவு. பொழுது சாய்கிற பொன்வெயிலில், தண்ணீரில் தன் பச்சை நிழல் தளும்பத் தளும்ப, அது மிதந்து மிதந்து வந்தது. அலற வாய் திறந்தேன், அலறல் வரவில்லை. ஓட வேண்டிய கூட்டம் ஓடவில்லை. ஒதுங்கி வழிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. "ஓடுங்க, ஓடுங்க" என்று அன்பு கத்துகிறார். "இருப்பா, சாமி தாண்டட்டும்" என்கிறார் முன்னால் நின்ற தனம் அக்கா. சிரிக்காதீர்கள் தலைவரே, நீங்கள் சிலுவை போட்டுக்கொண்டதும் படத்தில் இருக்கிறது.

இப்போது இந்தப் படத்தை இணையத்தில் வெளியிட ஒரு நிறுவனம் முன்வந்திருக்கிறது. நிபந்தனை ஒன்று: வண்டைக் கணினியில் புதிதாகச் செய்ய வேண்டும். தார்ப்பாய் போக வேண்டும், தட்டு போக வேண்டும், செருப்புக் கால் கட்டாயம் போக வேண்டும். அன்பு இன்றைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இது அவருடைய முதல் படம், ஆசை இருக்காதா? அவரைக் குறைசொல்ல நான் வரவில்லை.

ஆனால் ஐப்பசி மழையில் அண்ணனின் புண் முற்றியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்த இடது கால் இன்று எங்கே இருக்கிறது? மண்ணில் இல்லை, மருத்துவமனையில் இல்லை, ஆட்டோவில் இல்லை. இந்தப் படத்தில் மட்டும்தான் இருக்கிறது. இருப்பதோடு நடக்கவும் செய்கிறது. மன்னியுங்கள், கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன்.

"அயுவாதீங்க டீச்சர். காலு போனா இன்னா, செருப்பு வூட்லதான் கீது" என்கிறார் அண்ணன். இன்னும் ஏதோ சொல்கிறாரே? "தம்பி படம் நாலு பேரு பாக்கணும். மாத்திக்கட்டும்." கேட்டீர்களா அந்த மனதை?

பொறுங்கள், பொன்னி அக்கா எழுந்து நிற்கிறார். மைக்கை அங்கே கொடுங்கள்.

"அவரு அப்டித்தான் சொல்லுவாரு. எடது காலு என் பங்குன்னு அன்னிக்கே பேசியாச்சு. அத்த மாத்த நான் ஒத்துக்கல."

அன்பு செல்போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டார். எழுந்து நின்று, பொன்னி அக்காவைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். நிறுவனத்துக்குப் பதில் அதுதான்.

விளக்கை அணையுங்கள். மேலே விமானம் இறங்குகிறது, கேட்கிறதா? வண்டு புறப்பட்டுவிட்டது. இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி, இடது காலைக் காத்துக்கொடுத்த அக்காவுக்கு நன்றி, எல்லோருக்கும் வணக்கம். வண்டு வரும்போது யாரும் ஓடாதீர்கள். கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுங்கள்.