டிரைவரின் புகைக் கணக்கு

– காலை இன்னும் கொஞ்சம் உள்ள விடுங்க. தண்ணி வெதுவெதுன்னுதான் இருக்கு, சுடாது.

– போதும்... இப்படியே இருக்கட்டும்.

– போனைக் குடுங்க.

– திரும்பவும் அந்தப் புகைக் கணக்கு ஆப்பா? விடவே மாட்டியா நீ?

– இன்னைக்கு மாசப் பட்டியல் போட்டிருக்காங்க. நம்ம அடுக்குமாடியில நாப்பது வீட்டுல யாரு கம்மியாப் புகை விடுறாங்கன்னு...

– யாருன்னு எனக்குத் தெரியாது. ஜாஸ்தி விடுறவன் நான்தான். ரெண்டு மாசமா கடைசி இடம் எனக்குத்தானே? மூணாவது மாடிக்காரர் ரெண்டு கார் வெச்சிருக்கார், அவர் நல்ல பிள்ளை. பஸ் ஓட்டுற நான் ஊரைக் கெடுக்கிறவன்.

– போனுக்கு என்னங்க தெரியும்? பின்னாடி அறுபது பேர் உக்காந்திருக்கிறது அதுக்குத் தெரியாது. நீங்க தனியா ஒரு கார் எடுத்துக்கிட்டு தினம் நூத்தி எம்பது கிலோமீட்டர் ஊர் சுத்துறதா நெனச்சுக்கிச்சு.

– லிஃப்ட்ல பாத்தா, "என்ன சார், இன்னைக்கு எத்தனை கிலோ கார்பன்"ங்கிறார். நானும் சிரிச்சுத் தொலைக்கிறேன்.

– இனிமே கேக்க மாட்டார். இந்த மாசம் நீங்க எட்டாவது இடம்.

– ...எட்டாவதா?

– ஒரு நாளைக்கு முப்பது கிலோவா இருந்தது. ஒண்ணாம் தேதியிலேருந்து ஒண்ணே கால் கிலோ.

– அப்படியா. நல்லதுதானே... விடு.

– எப்படிங்க குறைஞ்சுது?

– அது... போனை லாக்கர்ல வெச்சுட்டுத்தான் வண்டி எடுக்குறேன். எல்லாரும் கிண்டல் பண்றாங்களேன்னு.

– சரி... லாக்கர்ல இருக்கிற போன் நடக்குமா?

– என்னது?

– தினம் பதினாலாயிரம் ஸ்டெப் நடந்திருக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும் இல்ல.

– டிப்போவுல எவனாவது எடுத்துட்டுப் போயி...

– பூட்டின லாக்கரைத் திறந்து, உங்க போனை எடுத்துக்கிட்டு, பதினாலாயிரம் ஸ்டெப் நடந்துட்டு, பத்திரமா திரும்ப வெச்சுட்டுப் போறானா? யாருங்க அந்தப் புண்ணியவான்?

– உனக்குக் கிண்டலா இருக்கு.

– கையைக் காட்டுங்க.

– எதுக்கு இப்ப...

– காட்டுங்க. விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கிப் போயிருக்கு. பேன்ட் அடியில தினம் ஈரம். ஸ்டியரிங் பிடிக்கிற கையில சோப்பு வாசனை எங்கேருந்து வந்துது?

– பஸ் கழுவுறேன்.

– எத்தனை நாளா?

– ஒண்ணாம் தேதியிலேருந்து. காலையில யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டுத்தான் கிளம்புறேன். அங்க போய் சட்டையை மட்டும் மாத்திக்குவேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு... தினம் இன்னைக்குச் சொல்லிடலாம், இன்னைக்குச் சொல்லிடலாம்னு வருவேன். அசதியில வாய் வராது.

– ஏன் இறக்கிட்டாங்க?

– கண்ணு. டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க. நேரா இருக்கிறதெல்லாம் தெரியுது. ஓரம்தான் இல்ல. இடது பக்கம் கொஞ்சம் கொஞ்சமா மூடிக்கிட்டு வருதாம். போனது போனதுதானாம். மிச்சத்தைக் காப்பாத்த சொட்டு மருந்து குடுத்திருக்காங்க.

– அது எங்க?

– லாக்கர்ல.

– ராத்திரிக்குப் போட வேண்டாமா?

– ரெண்டு வேளையும்தான் சொன்னாங்க. வீட்டுக்குக் கொண்டு வந்தா நீ பாத்துடுவியே.

– நல்லா இருக்கு. என்கிட்ட மறைக்க கண்ணையே விட்டுட்டீங்க.

– திட்டாத. தெம்பு இல்ல.

– திட்டலைங்க. நாளைக்கு அதை எடுத்துட்டு வந்துடுங்க. நானே ஊத்தி விடுறேன்... இந்தாங்க துண்டு.

– இருபத்தி மூணு வருஷம். வண்டியில ஒரு கீறல் விழ விட்டதில்ல. இப்ப என் வண்டியை வேற ஒருத்தன் ஓட்டிட்டு வந்து நிறுத்துறான். நான் ஹோஸ் பைப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். சில நாள் அழுகையே வந்துடுது. தண்ணி மேல படுறதால யாருக்கும் தெரியல, அவ்வளவுதான்.

– ...வரும்ங்க. வராம என்ன செய்யும்.

– அவங்களா டெஸ்ட்டுக்கு அனுப்பல, தெரியுமா? எவனோ ஆபீசுக்குக் கடுதாசி போட்டிருக்கான். பேரில்லாம.

– ...யாருன்னு சொன்னாங்களா?

– அவங்க என்ன சொல்றது? கண்டக்டர்தான். இடது பக்கம் தெரியல, பொழுது சாஞ்சா தடுமாறுறார்னு அதுல இருந்துதாம். கூடவே இருக்கிறவனுக்குத்தானே அது தெரியும்?

– அவர்கிட்ட கேட்டீங்களா?

– என்னத்தைக் கேக்குறது? எட்டு வருஷமா என் சாப்பாட்டு டப்பாவுல கை வெச்சுத் தின்னவன். நேத்து ஒண்ணும் தெரியாத மாதிரி டீ வாங்கிட்டு வந்து நீட்டுறான். வாங்கி அவன் காலடியிலேயே ஊத்திட்டேன். அத்தனை பேரும் பாத்தாங்க.

– ஏங்க அப்படி...

– என்ன ஏங்க? செஞ்ச வேலைக்கு அவனுக்கு மாலையா போடுவாங்க?

– அவர் என்ன சொன்னார்?

– கப்பைக் கையில வாங்கிக்கிட்டுப் போயிட்டான். சாப்பிடவும் வரல. மனசு உறுத்தும்ல.

– நாளைக்குப் போனதும் முதல்ல அவர்கிட்ட பேசுங்க.

– நானா? எழுதினது அவன், இறங்கிப் போறது நானா?

– அவர் எழுதலைங்க.

– உனக்கு எப்படித் தெரியும்? அவன் இல்லன்னா வேற யாரு இருக்கா?

– நான் இருக்கேன். நீங்க டம்ளருக்கு வெளியே தண்ணி ஊத்தினதைப் பாத்தேன். ரோட்டுல உங்களுக்கு இடது பக்கமா நடந்து வந்த என்னையே இடிச்சுட்டு, எப்ப வந்தேன்னு கேட்டீங்க. டாக்டர்கிட்ட போகலாம்னு எத்தனை தடவை கெஞ்சினேன், லீவு இல்லைன்னுட்டீங்க. உங்களையும் நெனச்சேன், பின்னாடி உக்காந்து வர்றவங்களையும் நெனச்சேன். எழுதிப் போட்டுட்டேன். அப்புறம் உங்களை நிறுத்திட்டாங்களா இல்லையான்னு யார்கிட்ட போய்க் கேப்பேன்? அதுக்குத்தான் அந்த ஆப். தினம் நீங்க வந்ததும் போனை வாங்கிப் பாப்பேன்... முப்பது, முப்பது, முப்பதுன்னே இருக்கும். ஒண்ணாம் தேதி ஒண்ணே கால்னு காட்டுச்சு. அன்னைக்குத்தாங்க நான் தூங்கினேன்.