முதல் இழுப்பறையின் முதல் அட்டை

நான் வேலைக்கு நேரம் தவறாமல் போகிறவன். முப்பத்தொரு வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் தாமதமாகப் போனேன், அதுவும் கடைவாய்ப்பல் பிடுங்கிய அன்று. கோபக்காரன், குடிகாரன், கிறுக்கன் என்று என்னைப் பற்றி நீங்கள் ஏதாவது குறித்துக்கொள்ளப் போனால் அது தப்பாகிவிடும், அதனால் இதை முதலில் சொல்லி வைக்கிறேன். தப்பைக் கண்டுபிடிப்பதுதான் என் தொழில்.

எழுத்தாளரிடம் நான் வேலைக்குச் சேர்ந்ததே ஒரு தப்பைப் பிடித்ததால்தான். அப்போது ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். மிரூவம் என்று ஒரு நாட்டை அவர் மனத்திலிருந்தே உண்டாக்கி, அதற்கு மலையும் ஆறும் போட்டு, ராஜ வம்சங்களைக் குடிவைத்து, நான்கு புத்தகம் எழுதியிருந்தார். இரண்டாம் புத்தகத்தில் விஷம் குடித்துச் செத்த ராணி, நான்காம் புத்தகத்தில் ஒரு கல்யாணத்தில் உட்கார்ந்து திராட்சை தின்றுகொண்டிருந்தாள். கடிதம் போட்டேன். மூன்றாம் நாள் அவரே அச்சகத்துக்கு வந்து நின்றார்.

"யோவ், செத்தவ வந்து சாப்பிட்டுட்டுப் போயிருக்கா, இத்தனை பேர் படிச்சுட்டு சும்மா இருந்திருக்காங்க. நீ ஒருத்தன்தான்யா கேட்டே. எங்கிட்ட வந்துடு" என்றார்.

போனேன். அவர் வீட்டு மாடி அறையில் சுவர் நீளத்துக்கு ஒரு மர அலமாரி, அதில் அறுபத்து நான்கு இழுப்பறைகள். மிரூவத்தின் ஒவ்வொரு மனிதனுக்கும், ஊருக்கும், ஆற்றுக்கும், சொல்லுக்கும் ஓர் அட்டை. அத்தனையும் என் கையால் எழுதியது. அவருடைய மகளுக்கு அப்போது பத்து வயது. முகத்துக்கு நேரே மாமா என்பாள், முதுகுக்குப் பின்னால் "அப்பா மேல ஒட்டிக்கிட்ட அட்டை" என்று கேலி செய்வாள். எனக்கு வருத்தமில்லை. ஒட்டிக்கொண்டது உண்மைதானே.

எங்களுக்குள் ஒரே ஒரு விதி. அட்டையில் ஏறியதை அடிக்கக் கூடாது. அந்த விதியைப் போட்டவர் அவர்தான். தப்பு வந்தால் அட்டையைத் தொடாமல் உலகத்தைத் திருத்த வேண்டும். செத்த ராணி கல்யாணத்துக்கு வந்துவிட்டாளா, அப்படியென்றால் அவளுக்கு ஓர் இரட்டைச் சகோதரி இருந்திருக்க வேண்டும். ஒருமுறை இரண்டு வரைபடங்களில் ஒரே ஆறு வேறு வேறு பக்கம் ஓடியது. அது தடம் மாறுவதற்கு ஒரு பூகம்பம் வேண்டியிருந்தது. பூகம்பம் என்றால் ஆள் சாகாமல் இருக்குமா? ஒன்பதாயிரம் பேரைப் புதைத்தோம். எத்தனை பேர் என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார். நான் உட்கார்ந்து அவர்களில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்காவது பெயர் வைத்து, வயது போட்டு, சிவப்பு மையில் சாவுத் தேதி எழுதினேன். எழுதும்போது அழுதேன். அதற்குப் பிறகு அந்த ஆறு ஒழுங்காக ஓடியது.

மிரூவத்தில் மூன்று மொழிகள்: மேட்டு மொழி, கரை மொழி, செத்த மொழி. செத்த மொழிக்குத்தான் நாங்கள் அதிகம் மெனக்கெட்டோம். அதைச் சரளமாகப் பேசியவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். காலையில் நான் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டதும் அவர் உள்ளேயிருந்து "ஓரே துவா நிம்?" என்பார். வெளிச்சம் வந்துவிட்டதா என்று அர்த்தம். "நிம் துவா" என்று நான் பதில் சொன்ன பிறகுதான் கதவைத் திறப்பார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. இதைவிட நல்ல குடித்தனம் யாருக்கு வாய்த்தது என்று நினைத்துக்கொள்வேன்.

தன்னையும் அவர் மிரூவத்துக்குள் வைத்திருந்தார், வரலாறு எழுதும் கிழவராக. முதல் இழுப்பறையில் முதல் அட்டை அவருடையது. பிறந்த நாள் இருக்கும். இறந்த நாள் காலி.

போன மழைக்காலத்தில் ஒருநாள் மேசையிலேயே சாய்ந்துவிட்டார். மருத்துவமனையில் பத்து நாள் வைத்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். அலமாரிக்குப் பக்கத்தில் கட்டில் போட்டோம். நினைவு இல்லை. ஒரு மதியம் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "பொழுது சாயற வரைக்கும்கூடத் தாங்காதும்மா, வரவேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க" என்றார். மகள் தன் அண்ணனை அழைத்துவர ரயில் நிலையத்துக்குக் கிளம்பினாள்.

"மாமா, நீங்க இருக்கீங்க இல்ல, அது போதும்" என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று மணிக்கு அவருடைய அட்டையை எடுத்து, சிவப்பு மையில் அன்றைய தேதியை எழுதினேன். அவர் போன பிறகு என் கை நடுங்கும், எழுத்து கோணிவிடும் என்று பயந்தேன். அதனால்தான் முன்கூட்டியே எழுதினேன், வேறு எந்த எண்ணமும் இல்லை.

ஐந்து மணிக்கு அவர் கண்ணைத் திறந்தார். தண்ணீர் கேட்டார். அரை டம்ளர் குடித்தார். தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொல்லி, சாய்ந்து உட்கார்ந்தார். முகம் தெளிந்திருந்தது. பிழைத்துக்கொண்டார் என்று எனக்குப் புரிந்தது. சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். பிறகு மெத்தைமேல் கிடந்த அட்டையை எடுத்துப் படித்தார்.

"என்னைக் கொன்னுட்டியா?" என்று சிரித்தார். "சரியான அவசரக்காரன்யா நீ. அடிச்சுடு."

"விதி இருக்கே சார்."

"என்ன பெரிய விதி. எந்திரிச்சு நடமாட ஆரம்பிச்சா, இதெல்லாத்தையும் மூட்டை கட்டிப் போட்டுட்டுப் பொண்ணு வீட்டோட போயிடப் போறேன். பேரப் பசங்களோட இருப்பேன். நீயும் எங்கயாவது போய் நிம்மதியா இரு. இத்தனை வருஷம் உன்னைப் போட்டு வதைச்சுட்டேன். வெறும் கதைதானேய்யா."

அன்பாகத்தான் சொன்னார்.

ஆனால் அட்டையில் தேதி ஏறியிருந்தது. மிரூவத்தில் சூரியன் இறங்கினால் தேதி மாறிவிடும். இறங்க இன்னும் ஒரு மணி இருபது நிமிடம் இருந்தது. அட்டையைத் தொட முடியாது, ஆகவே உலகத்தைத்தான் திருத்த வேண்டும். இதில் எனக்கென்று விருப்பு வெறுப்பு எதுவும் கிடையாது. ஆற்றுக்குச் செய்ததைத்தான் இங்கும் செய்தேன். நிமிர்த்தி வைத்த தலையணையை உருவி அவர் முகத்தில் வைத்தேன். உடம்பில் வலு இல்லை, அதிக நேரம் ஆகவில்லை. பிறகு மெத்தையைச் சரிசெய்து, அவருடைய கண்ணாடியைத் துடைத்து மேசையில் வைத்தேன். மகளும் மகனும் வந்தபோது ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. தான் சொன்னபடியே நடந்ததால் டாக்டர் வேறெதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

யாருக்கும் சந்தேகம் வரவில்லையே, பிறகு எதற்கு நீயாகப் போலீஸ் நிலையத்துக்கு வந்தாய் என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். மகள் அந்த அலமாரியை என் அறைக்கே அனுப்பி வைத்துவிட்டாள். "அப்பாவுக்கு அப்புறம் இது உங்களுக்குத்தான் மாமா" என்றாள். அன்றிலிருந்து தினமும் நான் கண் விழித்ததும் முதல் இழுப்பறைக்குள்ளிருந்து "ஓரே துவா நிம்?" என்று கேட்கிறது. அந்த மொழி தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. நான் வாயைத் திறப்பதில்லை. பதில் சொன்னால் அது திறந்துகொள்ளும். எழுபது நாளாகிறது. கொஞ்சமும் கோபமில்லாத குரல். எனக்குப் பயமாக இருக்கிறது.

அட்டையை இத்துடன் இணைத்திருக்கிறேன். எழுதிவந்ததில் ஒரு விவரம் விட்டுப்போயிற்று. சிவப்பு மையில் இருப்பது என் எழுத்து. அந்தத் தேதிமேல் குறுக்காக ஓடும் கோணல் கோடு என்னுடையது அல்ல. நான் முடியாது என்றதும், என் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, சிரித்துக்கொண்டே அவரே அடித்துவிட்டார். விதியைப் போட்டவரே விதியை எடுத்துவிட்டார். தேதியும் போய்விட்டது, திருத்துவதற்கு எதுவுமே மிச்சமில்லை. வெறும் கதைதானே என்று அவர் சொன்னது அதற்கு அப்புறம். தலையணையை நான் உருவியதும் அதற்கு அப்புறம்தான்.