பூவாயியின் காலும் என் பச்சிலைத் தைலமும்

எனக்குப் புண்ணைப் பார்த்தாலே குமட்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. சோற்றில் ஈ உட்கார்ந்தால் தட்டையே தள்ளிவிடுகிறவன் நான். அப்படிப்பட்டவன் ஏற்காட்டில் காயத்துக்குத் தைலம் விற்றுப் பிழைக்க வேண்டும் என்பது என் தலையெழுத்து.

தைலத்தை மட்டும் குறை சொல்லாதீர்கள். வெட்டுக்காயப் பூண்டை இடித்துச் சாறெடுத்து, தேங்காயெண்ணெயில் காய்ச்சியது. எஸ்டேட் வேலைக்குப் போகிற கிளியூர் பூவாயி, கவாத்துக் கத்தி கெண்டைக்காலில் பட்டு என்னிடம் வந்தாள். கடைவாசலில் உட்காரவைத்துத் தினமும் போட்டுவிட்டேன். ஏரி பார்க்க வந்த ஜனமெல்லாம் அவள் கால் ஆறுவதைப் பார்த்துவிட்டுப் பாட்டில் பாட்டிலாக வாங்கிப் போனது. பிறகு புண் சுத்தமாக ஆறித் தொலைந்தது. ஆறிப்போன காலை எவன் நின்று பார்ப்பான்?

கொடிவேலி வேரை அரைத்து வைத்தால் தோல் கொப்புளித்துப் புண்ணாகும். தெரிந்துதான் செய்தேன். தழும்பு மறைய என்று சொல்லிக் கட்டினேன்.

"எரியுதுங்க, நொம்ப எரியுதுங்க" என்றாள்.

"எரிஞ்சாத்தான் மருந்து புடிக்குதுன்னு அர்த்தம் கண்ணு."

கொப்புளம் உடைந்தால் தைலம். ஆறிக்கொண்டு வந்தால் மறுபடி வேர். வியாபாரம் நன்றாகவே நடந்தது.

எண்பத்து மூன்றாம் வருஷ ஐப்பசி மழையில் புண் என் பேச்சைக் கேட்கவில்லை. சீழ் வழிந்து, எலி செத்த நாற்றம். ஒருநாள் கட்டைப் பிரித்தால் உள்ளே புழு நெளிகிறது. சீ, அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கஷ்டத்தை யார் கேட்டார்கள்? ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா என்றாள். பாதியில் விட்டால் மருந்து திருப்பி அடிக்கும் என்று பயமுறுத்தி நிறுத்தினேன். வாசலில் உட்கார வேறு ஆள் கிடைக்க வேண்டாமா?

கடைசியில் அவள் புருஷன் ஐயாக்கண்ணு தூக்கிக்கொண்டு சேலத்துக்கு பஸ் ஏறினான். அங்கே காலைத் தொடையோடு எடுத்துவிட்டார்கள். போய்ப் பார்த்தேன், நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. என்னைக் கண்டதும் படுத்தபடியே கும்பிட்டாள்.

"நீங்க சொன்ன பத்தியத்த மீறிக் கருவாடு தின்னுப்புட்டனுங்க. உங்க மருந்து மேல ஒரு குத்தமும் இல்லீங்க. மன்னிச்சிருங்க."

துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "போவுது உடு கண்ணு, இனிமேலாச்சும் வாயக் கட்டு" என்றேன்.

மனசார மன்னித்துவிட்டேன், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.