சின்னச் சிகாருக்குத் தொண்ணூற்றிரண்டு

காலையில் பல் துலக்கிய பிறகு ஒரு மணி நேரம் நான் எதையும் வாயில் வைப்பதில்லை. காபி கூடக் கிடையாது. நீங்கள் வாங்கி வைத்த டீ ஆறிப்போகிறது, தப்பாக நினைக்காதீர்கள் சார். பெயர் அருண்பிரசாத், வீடு வேங்கிக்காலில். உயர்ந்த ரகச் சிகார்களை, ஊரில் சுருட்டு என்பார்கள், புகைத்துச் சுவைத்து, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு இணையத்தில் எழுதுகிறேன். பதினோராயிரம் பேர் படிக்கிறார்கள். திருவண்ணாமலையில் ஒருவர்கூட இல்லை. அது ஊரின் குறை.

மலையில் பிடித்த தீ விஷயமாகத்தான் வந்தேன். நீங்கள் உள்ளே பிடித்து வைத்திருக்கிற சகாதேவன் அதற்குக் காரணம் இல்லை. அவனை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அடி அண்ணாமலைப் பக்கம் சரிவில் ஏறி ஒரு பாறையில் உட்கார்ந்தேன். வீட்டில் வைத்துச் சுவைத்தால் சாம்பிராணியும் சாம்பாரும் மதிப்பெண்ணில் கலந்துவிடும். கையில் நிகரகுவா நாட்டுப் புகையிலையில் செய்த சின்னச் சிகார், விரல் நீளம்தான். இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். முதல் பகுதியில் வறுத்த வேர்க்கடலைத் தோல். நடுவில் கருப்பட்டி, கொஞ்சம் மிளகு. சாம்பல் ஓர் அங்குலம் உதிராமல் நின்றது. அடடா, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் சார்.

சகாதேவனும் அவன் மனைவி அன்புச்செல்வியும் மலையில் நட்ட கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள். அன்று அவள் இரண்டு குடத்தோடு ஏறி வந்தாள். ஒன்றை என் பாறையருகே இறக்கி வைத்துவிட்டு, என் கையைப் பார்த்தாள்.

"ஐயா, பில்லு காஞ்சி கெடக்குது. போறப்ப அத்த நல்லா அணைச்சிட்டுப் போங்க."

சிகாரை நசுக்கி அணைக்கக்கூடாது, கீழே வைத்தால் தானாக அடங்கும், அதுதான் அதற்கு மரியாதை என்று பொறுமையாக விளக்கினேன்.

"அதென்னா சாமி வெளக்கா? நல்லாக்கீதே கத."

சிரித்துக்கொண்டே மற்றொரு குடத்தோடு மேலே போய்விட்டாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதற்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். எல்லாம் முறைப்படிதான் செய்தேன். மிஞ்சிய சிகார்த் துண்டைப் புல்லில் படுக்க வைத்துவிட்டு, கண்ணை மூடி, நாக்கில் தங்கும் சுவையைக் கவனித்தேன். பத்து நிமிடம் கவனிக்க வேண்டும். அதில் ஒரு கருகல் வாடை வந்தது. ஒரு மதிப்பெண் குறைத்தேன். கண்ணைத் திறந்தால் புல்லும் கன்றுகளும் எரிந்துகொண்டிருந்தன. ஆக, கருகல் சிகாரின் குற்றம் இல்லை. குறைத்ததைத் திருப்பிக் கொடுத்துத் தொண்ணூற்றிரண்டு என்று திருத்தினேன். நான் யாருக்கும் அநியாயம் செய்கிறவன் இல்லை.

அன்புச்செல்வி பச்சைக் கிளையை ஒடித்து நெருப்பை அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, அந்தக் கொடத்த எடுத்தாங்க, சீக்கிரம்!"

குடம் என் காலடியில்தான் இருந்தது. ஆனால் கையில் குறிப்பேடு, மை இன்னும் காயவில்லை. தண்ணீர் பட்டால் ஒரு காலை வேலை முழுக்க வீண். இறங்கிவிட்டேன். பின்னால் அவள் புடவை பற்றிக்கொண்டது, சத்தத்திலிருந்து தெரிந்தது. கீழேயிருந்து சகாதேவன் ஓடி வந்தான். அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். மூன்றாம் நாள் அவள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். பாவம், நல்ல உழைப்பாளி.

இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள். யாரும் கூப்பிடவில்லையே. இன்று காலைப் பேப்பரைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். சகாதேவன் சட்டைப்பையில் பீடிக்கட்டு இருந்ததாம். உடனே, பீடித் துண்டால் மலையில் தீ, பெண் பலி என்று போட்டுவிட்டார்கள். உங்கள் எப்.ஐ.ஆரிலும் அப்படியே இருக்கிறதாமே. பீடி! எனக்கு வயிறு எரிந்துவிட்டது. நீங்கள் வேறு, "ரெண்டும் பொகைதான சார்" என்கிறீர்கள்.

வாசலில் அவன் மகள் கவிநிலா உட்கார்ந்திருக்கிறாள். "ஐயா, எங்கப்பாவ வுட்டுருவாங்களா?" என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன்.

ஆகவே, சிகார் என்று திருத்தி எழுதுங்கள். சுருட்டு என்றுகூட வேண்டாம். இப்போதே கையெழுத்துப் போடுகிறேன். அதெல்லாம் முடியாது, பீடி பீடியாகவே இருக்கட்டும் என்றால் பேனாவை மூடிவிடுங்கள் சார். பீடிக்குச் சகாதேவனே பொருத்தமான ஆள்.