நடுவில நிக்கிறவள்

பந்தைப் பாக்காதேங்கோ எண்டு சொல்லுறன், நீங்கள் பேந்தும் பந்தைத்தான் பாக்கிறீங்கள், அனுசூயா! உந்தப் பந்துக்குப் பின்னால கண்ணை விட்டால் உங்களுக்கு இந்த அமெரிக்கன் ஃபுட்போல் விளையாட்டு சாகுமட்டும் விளங்காது. நான் சும்மா சொல்லேல்ல. இஞ்ச குந்தியிருக்கிற சனத்தைப் பாருங்கோ... பந்து எந்தப் பக்கமோ தலையும் அந்தப் பக்கம், தீன் எறிஞ்ச கோழியள் மாதிரி. நடுவில என்ன நடக்குது எண்டு ஒருத்தருக்காவது தெரியுமே? தெரியாது. தெரியாமலே கத்துதுகள்.

நடுவில பாருங்கோ. அந்தா, குனிஞ்சு கையை நிலத்தில ஊண்டிக்கொண்டு ஒரு நெட்டைப் பெட்டை நிக்கிறாள்... ஓம், பின்னல் வெளியால தொங்குது, அவள்தான். உதுதான் என்ர பிள்ளை நிக்கவேண்டிய இடம். என்ர பிள்ளை எங்க? கரையில. வாங்கில, அந்தப் பெஞ்சில. தலைக்கவசத்தை மடியில வைச்சுக்கொண்டு இருக்கிறாள் பாருங்கோ, பெரிய தோள், எழுபத்தியேழாம் நம்பர். அதுதான் மெலனி. உந்தக் கோச் மனிசி, ஜோஸே, ரெண்டு கிழமையாய் அவளை இருத்தி வைச்சிருக்கிறா. இருத்திப்போட்டு ஆரை விட்டிருக்கிறா? உந்த நெட்டையை! இப்ப பாருங்கோ, பந்து அசைஞ்ச உடன நிமிந்திடுவாள்... பாத்தீங்களே? நிமிந்தாள், நெஞ்சில ரெண்டு கை விழுந்துது, பின்னால போறாள். கொளுக்கி போடாத கதவு மாதிரி. ஆர் வந்து தொட்டாலும் திறக்கும்.

உங்கட மகள் பூர்ணா பந்தை நல்லாய் உதைக்கிறாள், இல்லையெண்டு சொல்லேல்ல. புதுசாய்ச் சேந்த பிள்ளைக்கு அது பெரிய காரியந்தான். ஆனால் குறை நினைக்காதேங்கோ அம்மா, உதைக்கிறது ஒரு வேலையே? வந்தாள், உதைச்சாள், போய் ஜக்கெற்றைக் கொழுவிக்கொண்டு இருந்திட்டாள். உடுப்பில ஒரு புல்லு ஒட்டேல்ல. உங்களுக்கென்ன, புரோசார்டில உங்கட வீட்டுத் துவைக்கிற மெசினுக்கு ஆயுசு கெட்டி. என்ர மெசினுக்குள்ள பாதி மைதானம் கிடக்குது.

என்ன?... அவள் அந்த இடத்தில நிண்டு என்ன செய்யோணும் எண்டோ? அப்பிடிக் கேளுங்கோ. ஒருத்தரும் கேக்கிறேல்ல. இவர் கேட்டிருக்கிறாரே, எங்கட மனுசன் அருமைராசா? காருக்குள்ள இருந்து பேப்பர் பாக்கிறார். பொம்பிளைப் பிள்ளை நிலத்தில கிடந்து பிரளுறதைப் பாக்க ஏலாதாம். பாக்க ஏலாத மனுசன் என்னத்துக்கு ரொக்ஸ்பரோவில இருந்து கார் ஓடிக்கொண்டு வாறார் எண்டு கேளுங்கோ. கேட்டால் பெற்றோல் விலையைப் பற்றிக் கதைப்பார்.

டிஃபென்ஸ் டாக்கிள் எண்டு சொல்லுவினம். மற்றப் பக்கம் பந்தைக் கொண்டு வரேக்க நேர நடுவில நிண்டு மறிக்கிறவள். சனம் நினைக்குது, பாரம் இருந்தால் காணும் எண்டு. எங்கட கோயில் பாட்டுக் குழுவில அஞ்சலீனா எண்டு ஒருத்தி. பூசை முடிய வந்து, "றோசா அக்கா, மெலனியின்ர உடம்புக்கு உது நல்ல பொருத்தமான விளையாட்டு" எண்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சவ. உடம்பு எண்டால் உங்கட மனுசனும்தானே வைச்சிருக்கிறார், கொண்டுவந்து நிப்பாட்டுங்கோ, முதல் தள்ளில எந்த மூலையில போய் விழுறார் எண்டு பாப்பம் எண்டன். பூசை வைச்ச சுவாமி பக்கத்தில நிண்டவர். நிக்கட்டுமன்.

பாரம் இல்லை, அனுசூயா. பதிவு, பதுங்கிக் குனியிறது. முன்னால நிக்கிறவளின்ர நெஞ்சுக்குக் கீழால போகோணும். ஆர் பதிஞ்சு போறாளோ அவள் தூக்குவாள், மற்றவள் தூக்குப்படுவாள். கை உள்ளுக்கால போகோணும், பெருவிரல் மேல பாக்க. வெளியால கட்டிப் பிடிச்சால் முடிஞ்சுது. காலை ஒரு நேரமும் நிப்பாட்டக்கூடாது, சின்னச் சின்ன அடியாய் உழக்கிக்கொண்டே இருக்கோணும்.

அவளை இதுக்குள்ள இழுத்ததே உந்தப் பதிவுதான். அப்ப நாங்கள் பார்க் எக்ஸ்டென்ஷனில வாடகைக்கு இருந்தனாங்கள். நல்ல பனி கொட்டின நாள். டெப்பனர் எண்டுற மூலைக்கடை வாசலில ஒரு கார் புதைஞ்சு போய்க் கிடக்குது, பெரிய பெரிய ஆம்பிளையள் நிமிந்து நிண்டு தள்ளுறாங்கள், சில்லு சுத்துது, கார் அசையேல்ல. மெலனியும் நானும் பால் வாங்கப் போனனாங்கள். பையை என்ர கையில தந்திட்டு, குனிஞ்சு, முகம் பனியில முட்டுற அளவுக்குக் குனிஞ்சு, ஒரு தள்ளுத்தான்! கார் றோட்டுக்குப் போட்டுது. கார்க்காரிதான் இந்த ஜோஸே. இறங்கி வந்து மெர்சி எண்டு நன்றி சொல்லுவா எண்டு பாத்தால், பிள்ளையின்ர தோளைத் தடவிப் பாக்கிறா, மாட்டு வியாபாரி மாதிரி! அடுத்த கிழமையே கூட்டிக்கொண்டு போட்டா.

நான் விட்டனான் எண்டு நினைக்கிறீங்களே? தெறிச்ச கொதியோட வந்தனான் இஞ்ச, பிள்ளையை இழுத்துக்கொண்டு போக. கம்பி வேலிக்கு அங்கால நிண்டு பாக்கிறன்... ரெண்டு தடிச்சியள் சேந்து என்ர பிள்ளையைத் தள்ளுறாளவை. ரெண்டு பேர், ஒருத்தியை! மெலனி ஒரு முழங்காலை நிலத்தில குத்தி, இடத்தை விடாமல் நிக்கிறாள். அவளைத் தாண்ட ஏலாமல் பந்துக்காரி தடுமாற, பின்னால இருந்து ஒரு சின்னப் பெட்டை ஓடி வந்து லேசாய்க் கட்டிப் பிடிச்சாள். அவ்வளவுதான், மைக்கில அவளின்ர பேர்! சனம் கை தட்டுது! என்ர பிள்ளை நிலத்தில கிடக்கிறாள், ஒரு நாய் திரும்பிப் பாக்கேல்ல. நான் வந்த காரியத்தை மறந்திட்டன். நேர ஜோஸேயிட்டைப் போய் எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சில ஏசினன். நான் கார்டறியில, பிள்ளை பராமரிக்கிற இடத்தில, குழந்தையளுக்குச் சமைக்கிறனான், எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு முழுக்க "சாப்பிடு, துப்பாதே" எண்டதுதான். அதிலயே ஏசினன். அவ சிரிச்சுப்போட்டு சொன்னா, மெலனி ரெண்டு பேரை மினக்கெடுத்தினபடியால்தான் அந்தச் சின்னப் பெட்டைக்கு வழி கிடைச்சதாம். அதுதான் வேலையாம். பேர் வராதாம். இது ஒரு நியாயமே?

அண்டையில இருந்து ஒரு மச் விட்டதில்லை நான்.

ஐயோ, பாருங்கோ, பேந்தும் நடுவால வந்திட்டாளவை! நெட்டை, குனி! குனியடி! ...அவளுக்கு எங்க தமிழ் விளங்கப்போகுது.

போன வருசம் இவ்வளவு கரைச்சல் இல்லை. போன வருசம் முன்வரிசையில நாலு பேர். ஆளுக்கு ஒரு இடைவெளி, பந்து அசைஞ்ச உடன அதுக்குள்ள பாயிறது, பிடிக்கிறது. மெலனி பாய்ஞ்சாளெண்டால் வில்லால விட்ட மாதிரி. இந்த வருசம் ஜோஸேக்கு என்ன விசர் பிடிச்சுதோ, முன்வரிசையை மூண்டு பேராக்கிப்போட்டா. நடுவில ஒருத்திதான். வலப்பக்கமும் அவளின்ர, இடப்பக்கமும் அவளின்ர. பாயக்கூடாது. முன்னால நிக்கிறவளைக் கையில வைச்சுக்கொண்டு, பந்து எந்தப் பக்கம் வருது எண்டு பாத்து, பேந்துதான் அந்தப் பக்கத்தை அடைக்கோணும். பாயிற பிள்ளையைப் பிடிச்சு "பொறுமையாய் நில்" எண்டால்? ஆனால் நிண்டாள், தெரியுமே. கஷ்டப்பட்டுப் பழகி நிண்டாள். இந்த மாகாணத்திலயே அவளைப் போல நடுவில நிக்க ஆள் இல்லை. அப்பிடிப்பட்டவளைக் கொண்டுபோய் வாங்கில இருத்தி வைச்சிருக்கிறா உந்த மனிசி. போற பஸ்ஸில நான் பொரிச்ச றோல்ஸைத் திண்டவ! இன்னும் இருக்கோ எண்டு கேட்டுக் கேட்டுத் திண்டவ!

ஏன் இருத்தினவ எண்டோ?... அது ஒரு பெரிய கதை. போன மச்சுக்கு எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போனனாங்கள். கடைசி நிமிசம். நாங்கள் நாலு புள்ளி முன்னுக்கு. பந்தோட தாண்டினால் ஆறு புள்ளி, அந்த எங்கட கோட்டுக்குக் கிட்ட அவளவை வந்திட்டாளவை, கடைசிச் சந்தர்ப்பம். மெலனி நடுவில நிண்டாளெண்டால் சரி, வெண்டாச்சு. நிண்டாளே? இல்லை. திடீரெண்டு இடப்பக்கம் பாய்ஞ்சாள். நடு வெறுமையாய்ப் போச்சுது. அந்த வெறுமைக்குள்ளால ஒருத்தி பந்தோட போனாள் பாருங்கோ... ஓடக்கூட இல்லை, நடந்து போனாள். தோத்தாச்சு.

ஜோஸே கேட்டா, ஏன் பாய்ஞ்சனீ எண்டு. மெலனி "என்ர பிழை" எண்டாள். வேற ஒண்டும் சொல்லேல்ல. இடத்தில நிக்கத் தெரியாதவளுக்கு இடம் இல்லை எண்டு ஜோஸே முடிச்சிட்டா.

...என்ன? அவள் ஏன் பாய்ஞ்சவள் எண்டோ?

அங்க பாருங்கோ, உங்கட பூர்ணா தண்ணி குடிக்கிறாள். வடிவான பிள்ளை.

...உப்பிடிப் பாக்காதேங்கோ அனுசூயா. நீங்கள் கதைக்காமல் இருந்து இருந்தே ஆளைக் கதைக்க வைக்கிறீங்கள், என்ன? சரி. ஆரோ கத்தினது. சனத்துக்குள்ள இருந்து. "பிள்ளை, எறியப்போறாள், இடப்பக்கத்தால பாய்!" எண்டு. ஓம், தமிழிலதான். அந்த மைதானத்தில தமிழ் விளங்கிற ஆக்கள் எத்தினை பேர் நிண்டவை எண்டு கேக்கப் போறீங்கள். மெலனி ஒண்டு. உங்கட பூர்ணா அப்ப சேரேல்ல, இவரும் வரேல்ல. மற்றது...

நான் பிழையாய்ச் சொல்லேல்ல! அந்தப் பந்துக்காரி அதுக்கு முன்னம் எறிஞ்ச நேரமெல்லாம் பின்காலை இழுத்துப்போட்டுத்தான் எறிஞ்சவள். அப்பவும் இழுத்தவள், என்ர கண்ணால கண்டனான்! ஏமாத்துறதுக்கு இழுத்தவள் எண்டு எனக்கு என்னெண்டு தெரியும்? அதோட, இந்தப் பிள்ளை பிறந்த நாளில இருந்து நான் கூப்பிட்ட முதல் தரத்தில வந்த பிள்ளையே? சாப்பிட வா எண்டால் வராது. கோயிலுக்கு வெளிக்கிடு எண்டால் வெளிக்கிடாது. அண்டைக்கு மட்டும், சொல்லி வாய் மூட முதல் பாய்ஞ்சிட்டாள்!

ஜோஸேயிட்டைச் சொல்லப் போனனான், ஏன் போகேல்ல? மெலனி மறிச்சிட்டாள். "கேட்ட காது என்ர, பாய்ஞ்ச கால் என்ர, நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது" எண்டிட்டாள். பிரெஞ்சில. கோவம் எண்டால் அவள் தமிழை விட்டிடுவாள். திரும்பி வரேக்க பஸ்ஸில என்ர பக்கத்தில வந்து இருக்கேல்ல. ரெண்டு கிழமையாய் வீட்டில பிரெஞ்சுதான். நான் "சோறு போடவோ" எண்டால் "நோ, மெர்சி, மாமோ." மெர்சியாம்! பெத்த தாய்க்கு மெர்சி!

ஐயோ... விசில். என்ன நடந்தது? நெட்டை விழுந்திட்டாள். முழங்காலைப் பிடிக்கிறாள். என்ர கண்ணூறு படேல்ல, சத்தியமாய், குனிஞ்சு நிக்கச் சொல்லித்தான் கத்தினன். பாவம், நொண்டிக்கொண்டு வாறாள்.

ஜோஸே வாங்கைப் பாக்கிறா.

அனுசூயா... மெலனி தலைக்கவசத்தைப் போடுறாள்.

எங்கட கோடு எங்க? கிட்டத்தானே நிக்கினம்? அந்தோனியாரே! பேந்தும் அதே மாதிரி! அனுசூயா, கெதியாய் என்ர வாயைப் பொத்துங்கோ. பகிடி இல்லை, மெய்யாத்தான் சொல்லுறன், கையை வையுங்கோ! ...வைக்கமாட்டீங்களே? அப்ப உந்தச் சால்வையையாவது தாங்கோ. நான் துவைச்சுத் தருவன்.

வலப்பக்கத்தால வரப்போகினம். பாருங்கோ, அங்கால நிக்கிற தடிச்சி பாரம் முழுக்க முன்னுக்குப் போட்டு நிக்கிறாள், அவள் வழி திறக்கத்தான்... சொல்லமாட்டன். நான் சொல்லேல்ல. அவளுக்கு... ம்ம். ம்ம்ம்...

...ம்ம்!

விழுந்தாச்சு! எல்லாம் குவிஞ்சு போய்க் கிடக்குது, ஆற்ற கால் ஆற்ற கை எண்டு தெரியேல்ல. பந்து எங்க? கோடு தாண்டினதே? அனுசூயா, உங்களுக்குத் தெரியுதே? அந்தக் கோடு போட்ட சட்டைக்காரன், நடுவர், கையை ஏன் தூக்கிறானில்லை... தூக்கேல்ல! தாண்டேல்ல! பந்து எங்களுக்கு!

மைக்கில என்ன சொல்லுது?... அந்தச் சின்னப் பெட்டையின்ர பேர். போகட்டும். சொல்லட்டும். அறிவு கெட்ட மைக்.

எழும்புறாளவை. ஒண்டு... மற்றது... என்ர பிள்ளை எல்லாருக்கும் அடியில கிடந்திருக்கிறாள். இடத்தில கிடந்திருக்கிறாள், அனுசூயா, வச்ச இடத்தில! ஜோஸே தலையில தட்டிக் குடுக்கிறா, பாத்தீங்களே? இனி றோல்ஸ் கேட்டுக்கொண்டு வருவா.

நீங்கள் எங்க எழும்புறீங்கள்? ஓ, பூர்ணா உதைக்க வாறாளே. போங்கோ, போங்கோ, வேலிக்குக் கிட்டப் போய் நிண்டு பாருங்கோ. சால்வை... சரி, பேந்து தாறன்.

போட்டுது மனிசி. நல்ல மனிசி, ஆனால் ஒரு வாய்க் கதை இல்லை.

...மெலனி இஞ்சால பாக்கிறாள். என்னைத்தான். இந்த வாங்கில வேற ஆர் இருக்கினம் அவளுக்குப் பாக்க? கையைக் காட்டவோ? வேண்டாம். காட்டினால் அதையும் ஏதோ சைகை எண்டு நினைச்சு எங்கையாவது பாய்ஞ்சிடுவாள். ரெண்டு கையையும் துடைக்குக் கீழ வைச்சுக்கொண்டு இருக்கிறன், கர்த்தரே, நான் ஒண்டும் செய்யேல்ல.

அவள் கையைத் தூக்கிறாள்.

கையுறையில ஒட்டின புல்லைத் தட்டுறாளாக்கும்.

...புல்லுத் தட்டுறதுக்கு இவ்வளவு நேரமே தூக்கி வைச்சிருக்கிறது?